காயம்பட்ட வீரர்களின் வார்டில் மனநல உதவி: எதை முதலில் தொடங்குவது?

காயம்பட்ட வீரர்கள் வந்து சேரத் தொடங்கியதும் மருத்துவமனைக்கு மேலிடத்திலிருந்து ஒரு வரி வந்துவிடும்: "கவுன்சிலிங் ஏற்பாடு செய்யவும்." யார் செய்வது, எந்த நாளில் செய்வது, கட்டிலுக்குக் கட்டில் திரை மட்டும் இருக்கும் வார்டில் எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதெல்லாம் அந்த வரியில் இருக்காது. நிர்வாகத்தின் கையில் இருப்பது ஒன்றிரண்டு பணியிடம், கொஞ்சம் பணம், ஏற்கெனவே களைத்துப்போன நர்ஸ்கள். இதை வைத்துக்கொண்டு எதைத் தொடங்கலாம், எதை விட்டுவிடலாம் என்பதுதான் கேள்வி.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வலியும் தூக்கமும் முதலில். எல்லாக் கட்டிலுக்கும் வழக்கமாக வந்து போகும் ஒரு மனநல ஆள் அடுத்து. மீதிப் பணத்தில் பெரும்பகுதி வீரர் வார்டை விட்டுப் போன பிறகு செலவாக வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் கிட்டத்தட்ட எல்லாத் திட்டங்களும் மறந்துவிடுகின்றன.

முதல் மாதத்து அமைதி

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் ஓர் ஆய்வைத் தெரிந்துகொள்வது நல்லது. போரில் பலத்த காயமடைந்து அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 613 வீரர்களை கிரீகர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் மாதக்கணக்கில் தொடர்ந்து விசாரித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காயம்பட்டு ஒரு மாதத்தில் கேட்டபோது பிடிஎஸ்டி எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறின் அறிகுறிகள் 4.2 சதவீதம் பேரிடம்தான் இருந்தன. நான்காம் மாதத்தில் அது 12.2 ஆனது. ஏழாம் மாதத்திலும் 12இல் நின்றது. மனச்சோர்வும் 4.4இலிருந்து 9.3க்குப் போனது. கடைசிவரை தொடர்ந்தவர்களில், ஏழாம் மாதத்தில் பிடிஎஸ்டியோ மனச்சோர்வோ இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், பத்தில் எட்டுப் பேர் முதல் மாதத்தில் இரண்டுமே இல்லை என்று தேறியவர்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முதல் மாதத்தில் வீரருக்கு நேரமே இல்லை. இன்றைக்கு ஆபரேஷன், நாளைக்கு டிரஸ்ஸிங், மறுநாள் ஸ்கேன். பக்கத்துக் கட்டிலில் அதே படைப்பிரிவு ஆள். பார்க்க வரும் அதிகாரிகள், தோளைத் தட்டும் கைகள், வலி மருந்தின் மயக்கம். உயிர் பிழைத்துவிட்டோம் என்ற நிம்மதியும் உண்டு. அப்புறம் வீட்டுக்குப் போகிறார். குளியலறை வாசற்படி இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பேச யாரும் இல்லை. பழைய பிரிவுக்குத் திரும்ப முடியாது என்ற கடிதம் வருகிறது. நோய் அப்போதுதான் தலை தூக்குகிறது.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. முதல் மாதத்தில் உடல் உபாதை அதிகமாக இருந்தவர்களுக்குத்தான் பின்னால் மனநோய் வரும் வாய்ப்பும் அதிகம். ஆக, முதல் மாதத்தில் கவனிக்க வேண்டிய எச்சரிக்கை மனநலக் கேள்வித்தாளில் மட்டும் இல்லை. வலி அட்டவணையிலும் இருக்கிறது.

ஒரே அமர்வில் கொட்ட வைப்பது

மேலதிகாரிகளுக்கு மிகவும் பிடித்த வழி இது. வந்த சில நாட்களிலேயே வீரரை உட்கார வைத்து, என்ன நடந்தது, என்ன பார்த்தாய், அப்போது மனதில் என்ன ஓடியது என்று ஒன்றுவிடாமல் சொல்ல வைப்பது. டிப்ரீஃபிங் என்பார்கள். தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக ஜெஃப்ரி மிட்செல் என்பவர் 1983இல் வகுத்த குழு முறை இது. கோரமான ஒரு பணியை முடித்துவிட்டு முழு உடம்போடு திரும்பியவர்களுக்காக உருவானது. கட்டிலில் கிடப்பவரிடம் அதைத் தனியாக நடத்தியது பின்னால் வந்த பழக்கம்.

இதன் கவர்ச்சி புரிகிறது. ஒரே நாளில் முடிந்துவிடும், பதிவேட்டில் கையெழுத்து விழும், "எல்லோருக்கும் மனநல உதவி தரப்பட்டது" என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் சோதித்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. பிரிட்டனில் தீக்காயம்பட்ட 133 பேரைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் இந்த அமர்வை நடத்தினார்கள். பதின்மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அமர்வில் பேசியவர்களில் 26 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி. பேசாதவர்களில் 9 சதவீதம். 1997இல் வெளியான இந்த ஆய்வில் ஒரு குறையும் உண்டு: பேச வைக்கப்பட்ட பிரிவில் காயத்தின் கடுமை தொடக்கத்திலேயே சற்று அதிகம். அதற்குத் தள்ளுபடி கொடுத்தாலும், நல்லது செய்ததற்கு அத்தாட்சி எதுவும் இல்லை. பின்னர் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் இதைக் கைவிடச் சொன்னது. எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது.

எனவே இது பட்டியலிலேயே வேண்டாம். பேச வருபவரைத் தடுக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. ராத்திரி டிரிப் மாற்ற வந்த நர்ஸிடம் வீரர் தானாகவே ஆரம்பித்தால், நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்கலாம். தோண்டாமல் இருந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு இந்த அளவில்தான் நிற்கிறது: பாதுகாப்பு, உடனடித் தேவை, வேண்டியவர்களோடு தொடர்பு, வற்புறுத்தாமல் கேட்பது. வார்டில் வேலை செய்யும் எல்லோருக்கும் இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம், புதிய பணியிடம் தேவையில்லை.

கூப்பிட்டால் வருவதா, தானாகவே வருவதா

அடுத்த தேர்வு இது. "தேவைப்பட்டால் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள்" என்பது பெரும்பாலான மருத்துவமனைகளின் வழக்கம். பொது நோயாளிகளுக்கு அது ஓரளவு ஓடும். வீரர்களிடம் ஓடாது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் போன அமெரிக்கத் தரைப்படையினரிடம் நடத்தி 2004இல் வெளியான ஹோக் குழுவின் ஆய்வில், மனநலச் சிக்கல் இருப்பதாகத் தெரிந்தவர்களில் 23 முதல் 40 சதவீதம் பேர்தான் உதவி தேடிப் போயிருந்தார்கள். "பலவீனமானவன் என்று நினைப்பார்கள்" என்று 65 சதவீதம் பேர் சொன்னார்கள். உதவி அதிகம் தேவைப்பட்டவர்களிடம்தான் இந்தப் பயமும் அதிகம்.

அனுப்பும் முறையில் இன்னொரு ஓட்டையும் உண்டு. கத்துகிறவரை, சாப்பாட்டுத் தட்டை வீசுகிறவரை உடனே அனுப்பிவிடுவார்கள். "நல்ல பேஷன்ட், தொந்தரவே இல்லை" என்று பெயர் வாங்கியவரை யாரும் அனுப்ப மாட்டார்கள்.

மாற்று வழி, மனநல ஆள் எல்லாக் கட்டிலுக்கும் தானாகவே வருவது. பிசியோதெரபிஸ்ட் வருகிற மாதிரி. வால்டர் ரீடில் அந்தப் போர்க் காலத்தில் காயம்பட்டு வந்தவர்களை மனநலக் குழு வழக்கமாகவே பார்த்து வந்தது. யாரையும் தனியாகக் குறிவைக்காததால் யாருக்கும் முத்திரை விழுவதில்லை. "எனக்கு மட்டும் ஏன் அனுப்பினார்கள்?" என்ற கேள்வியே எழாது.

நன்றாக நடக்கும் ரவுண்ட்ஸில் "மனசு எப்படி இருக்கிறது?" என்று தொடங்க மாட்டார்கள். "நேற்று ராத்திரி எத்தனை மணிக்குக் கண் அசந்தது?" என்று தொடங்குவார்கள். தூக்கத்தைப் பற்றிப் பேச எந்த வீரரும் கூச்சப்படுவதில்லை. தூக்கத்திலிருந்து கனவுக்கும், கனவிலிருந்து அன்றைய நிகழ்வுக்கும் அவர் வந்தால் வரட்டும், வராவிட்டால் நாளைக்கும் அதே நாற்காலி இருக்கும். வாயால் சொல்லாததைக் கண்ணால் பார்க்கலாம். டிரஸ்ஸிங் மாற்றும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வது முதல் வாரத்தில் சகஜம். வாரங்கள் கழிந்தும் வெட்டுப்பட்ட காலை ஒருமுறைகூடப் பார்க்காமல், போர்வையைத் தானே இழுத்து மூடிக்கொண்டால் அது குறித்துவைக்க வேண்டிய செய்தி. வீட்டிலிருந்து வரும் வீடியோ அழைப்புகளை எடுக்காமல் போனைக் கவிழ்த்து வைப்பதும் அப்படித்தான்.

இந்த ரவுண்ட்ஸுக்கு மனநல மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற உளவியலாளர், மனநல நர்ஸ், சமூகப் பணியாளர் யாராக இருந்தாலும் சரி. ஆனால் தலைக்காயத்தை அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். குண்டுவெடிப்பில் சிக்கியவருக்கு எரிச்சலும் மறதியும் தூக்கமின்மையும் இருந்தால் அது மூளையில் பட்ட அடியாகவும் இருக்கலாம், மனக்கோளாறாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம்.

சீருடை அணிந்தவரா, வெளியாளா

இதை யாரும் வெளிப்படையாக விவாதிப்பதில்லை. என் கணக்கில் திட்டம் நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

ராணுவத்தைச் சேர்ந்த ஆலோசகருக்கு மொழி தெரியும். ரோந்து என்றால் என்ன, பக்கத்தில் நடந்தவன் விழுந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியாளிடம் வீரர் பாதி நேரத்தை விளக்கத்திலேயே செலவழிப்பார், மீதி நேரத்தில் கேட்பவரின் முகம் வெளிறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். இதுவரை சீருடைக்கே சாதகம்.

ஆனால் வீரரின் மனதில் ஓடும் கேள்வி வேறு: நான் சொல்வது எந்தக் கோப்பில் போய் உட்காரும்? உடல்தகுதி வகை, பதவி உயர்வு, ஓய்வூதியம், ஆயுதம் ஏந்தும் அனுமதி என்று பலவும் மருத்துவக் குறிப்பைத் தொட்டுத்தான் முடிவாகும். கூடவே இருந்தவர் செத்ததற்குத் தான்தான் காரணம் என்று நினைப்பவர், அல்லது செய்யக் கூடாத ஒன்றைச் செய்துவிட்டதாக நினைப்பவர், அதை மேலதிகாரிக்குப் பதில் சொல்லும் ஒருவரிடம் சொல்ல மாட்டார். முதல் உலகப் போரில் களத்துக்குப் பக்கத்திலேயே வைத்து, உடனே சிகிச்சை தந்து, திரும்பிப் போவாய் என்ற எதிர்பார்ப்போடு நடத்தும் முறை வளர்ந்தது. அதன் நோக்கம் ஆளைச் சண்டைக்குத் திருப்பி அனுப்புவது. அந்த நிழல் சீருடை மருத்துவத்தின் மேல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, வீரர்களுக்கும் அது தெரியும்.

இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் வெளியாளையே எடுப்பேன். மொழியைக் கற்றுக்கொள்ளலாம், நம்பிக்கையை அப்படி வாங்க முடியாது. ஆனால் எதுவானாலும், முதல் சந்திப்பிலேயே எதை எழுதுவேன், எதை எழுத மாட்டேன், எந்த நிலையில் கட்டாயம் மற்றவரிடம் சொல்வேன் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் கிடையாது என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். "எல்லாம் ரகசியம்தான்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் பிறகு ஒருமுறை மீறினால், அந்த வார்டில் அதற்கப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வார்டுகளில் செய்தி அவ்வளவு வேகமாகப் பரவும்.

ஏற்கெனவே அனுபவப்பட்டவர்கள்

அதே மாதிரிக் காயத்தோடு வாழ்ந்து காட்டியவர் வந்து கட்டிலருகே உட்காருவதற்கு ஈடு இல்லை. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஊரில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற சர்ஜன், முகமும் கையும் எரிந்துபோன விமானப்படையினருக்கு அறுவை செய்து வந்தார். நோயாளிகளுக்கான நீலச் சீருடையை ஒழித்து, அவரவர் படைச் சீருடையை அணியவிட்டார். வார்டில் பீர் பீப்பாய் வைத்தார். ஊர்க்காரர்களிடம் பேசி, இவர்களைப் பார்த்து வெறிக்காமல் வீட்டுக்கு அழைக்கப் பழக்கினார். 1941இல் நோயாளிகளே சேர்ந்து கினி எலிகள், அதாவது சோதனை எலிகள் மன்றம் என்று தங்களைக் கேலி செய்யும் ஒரு பெயரை வைத்துக்கொண்டார்கள். போர் முடிந்தபோது 649 உறுப்பினர்கள். மன்றம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. அதற்கு முந்தைய போரில் இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனைப் பக்கம் சில பெஞ்சுகளுக்கு நீல வண்ணம் அடித்திருந்தார்கள். முகம் சிதைந்த வீரர்கள் உட்காருமிடம், பார்த்தால் அதிர்ச்சியாகலாம் என்று ஊருக்கு முன்னறிவிப்பு. இரண்டுமே அக்கறையில் செய்ததுதான். எது வேலை செய்திருக்கும் என்று காயம்பட்டவரின் இடத்திலிருந்து பார்த்தால் தெரியும்.

ஆனால் சகவீரர் என்ற ஒரே தகுதியில் யாரையும் வார்டுக்குள் விட்டுவிடக் கூடாது. தன் காயமே ஆறாதவர் வந்து, கட்டிலில் இருப்பவரிடம் தன் கதையை இறக்கிவைத்துவிட்டுப் போவார். "நான் மூணு மாசத்துல நடந்தேன்" என்று சொல்லி, ஆறாம் மாதமும் நடக்க முடியாதவரை நொறுக்கிவிடுவார். முழங்காலுக்குக் கீழே இழந்தவரை, இரண்டு காலையும் தொடையோடு இழந்தவரிடம் அனுப்பினால் உதவியை விட எரிச்சல்தான் மிஞ்சும். பயிற்சி, பொருத்தம், பிறகு அந்த வருகையாளரையே ஒருவர் விசாரிப்பது, இவை மூன்றும் இருந்தால் இது மலிவும் வலுவும் உள்ள வழி. இல்லாவிட்டால் பூங்கொத்தோடு வந்து போகும் சடங்கு. பார்வையாளராக வரும் பிரமுகர்களை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

மாத்திரையும் வலியும்

தூக்கம் வராத வீரருக்கு அல்பிரசோலம், லோரசெபாம் போன்ற பென்சோடயாசெபின் வகைத் தூக்க மாத்திரை எழுதுவது கைப்பழக்கம். அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில், மன உளைச்சலுக்காக இவற்றைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே சொல்லிவிட்டது. வேறு காரணத்துக்காக மருத்துவர் தரும் இடங்கள் உண்டு, தொடர்ந்து சாப்பிட்டு வந்தவர் தானாக நிறுத்தவும் கூடாது. ஆனால் மனநலத் திட்டம் என்ற பெயரில் எல்லோருக்கும் ஒரு மாத்திரை என்பது ஆகாது.

வலி மருந்து விஷயம் நேர்மாறு. ஈராக்கில் காயம்பட்ட 696 அமெரிக்கப் படையினரின் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் ஹோல்ப்ரூக் குழு வெளியிட்ட கட்டுரையில், பிடிஎஸ்டி வராதவர்களில் 76 சதவீதம் பேருக்குத் தொடக்கச் சிகிச்சையிலேயே மார்ஃபின் கிடைத்திருந்தது. வந்தவர்களில் 61 சதவீதம் பேருக்குத்தான் கிடைத்திருந்தது. மார்ஃபின்தான் காப்பாற்றியது என்று இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் "வீரன்தானே, தாங்கிக்கொள்வான்" என்று டிரஸ்ஸிங்குக்கு முன் மருந்தைக் குறைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இல்லாத காலில் வரும் வலிக்கு ஒரு கண்ணாடி போதும் என்றால் நம்ப மாட்டார்கள். இருக்கும் காலைக் கண்ணாடியில் பார்த்தபடி தினமும் 15 நிமிடம் அசைக்கும் பயிற்சியை வால்டர் ரீடில் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். ஆய்வை முடித்தவர்கள் 18 பேர்தான், மிகச் சிறிய எண்ணிக்கை. கண்ணாடிக் குழுவில் எல்லோருக்கும் நான்கு வாரத்தில் வலி குறைந்தது. செலவு ஒரு நிலைக்கண்ணாடி. தயங்க என்ன இருக்கிறது?

ஐசியூவில் நினைவில்லாமல் கிடந்த நாட்களில் நடந்ததை நர்ஸ்களும் குடும்பத்தாரும் எழுதிவைக்கும் நாட்குறிப்பும் இதே ரகம். மருந்து மயக்கத்தில் கண்ட பயங்கரங்களை நிஜம் என்று நம்பிக்கொண்டு எழுபவருக்கு உண்மையில் என்ன நடந்தது என்று காட்ட உதவும். 2010இல் வந்த ஐரோப்பிய ஆய்வில் புதிய பிடிஎஸ்டி 13இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 2019இல் வந்த பெரிய பிரெஞ்சு ஆய்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. செய்யலாம், ஆனால் இதை நம்பி வேறு எதையும் குறைக்க வேண்டாம்.

முறையான சிகிச்சை எப்போது

அதிர்ச்சியை நேரடியாகக் கையாளும் பேச்சுச் சிகிச்சைதான் பிடிஎஸ்டிக்கு இன்றுள்ள வலுவான மருந்து. ஆனால் எல்லோருக்கும், முதல் வாரத்திலேயே, வார்டிலேயே என்று வைத்துக்கொள்ளக் கூடாது. அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அந்த நோய் என்றே பெயர் வைப்பார்கள். அதற்கு முன்பே கடுமையாகத் தவிப்பவர்களுக்கு மட்டும் குறுகிய சிகிச்சை தரலாம். பிரையன்ட் குழு 1998இல் விபத்துகளில் சிக்கிய பொதுமக்கள் 24 பேருக்கு ஐந்து அமர்வுகள் நடத்தியபோது, ஆறு மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 17 சதவீதம் பேருக்கும், வெறும் ஆறுதல் ஆலோசனை பெற்றவர்களில் 67 சதவீதம் பேருக்கும் பிடிஎஸ்டி இருந்தது.

வீரர்களிடம் பலன் இவ்வளவு சுத்தமாக வருவதில்லை. ராணுவத்தினரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வந்த கட்டுரையின்படி, பாதிப் பேருக்கு மேல் நல்ல முன்னேற்றம் இருந்தாலும், மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சிகிச்சை முடிந்த பிறகும் நோய் இருந்தது. அதனால் சிகிச்சை வீண் என்று ஆகாது. ஒரு சுற்றோடு கோப்பை மூட முடியாது என்று ஆகும். வார்டில் நடைமுறைச் சிக்கலும் உண்டு. பாதி அமர்வில் ஆபரேஷன் தியேட்டருக்குக் கூப்பிடுவார்கள், திரைக்கு அந்தப் பக்கம் காது இருக்கும். ஒரு சின்ன அறை, கதவோடு, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கிடைத்தால் அதுவே பெரிய முதலீடு.

வீட்டார்

மனைவியோ அம்மாவோ கூடவே இருந்தால் அவர்களிடம் தனியாக ஒருமுறை பேசுவது அவசியம். என்ன எதிர்பார்க்கலாம், எந்த அறிகுறி வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், "அதையே நினைக்காதே" என்று சொல்வதால் ஏன் பயனில்லை என்ற அளவுக்குப் போதும். நான்காம் மாதத்து மாற்றத்தை முதலில் பார்க்கப்போவது அவர்கள்தான். வீரரின் சம்மதத்தோடு செய்வது முக்கியம். அவர் எதை வீட்டில் சொல்லவில்லை என்பது நமக்குத் தெரியாது.

ஒரே ஒரு பணியிடம்தான் என்றால்

பகுதி நேர மனநல மருத்துவரா, முழுநேர உளவியலாளரா, ஆலோசனைக்கு ஒரு தொலைபேசி எண்ணா என்று கேட்டால், தினமும் வார்டில் நடமாடும் முழுநேர ஆளையே எடுக்க வேண்டும். மருந்து முடிவுகளுக்கும் தற்கொலை எண்ணம் தெரியும் நேரத்துக்கும் மனநல மருத்துவர் ஒருவர் உடனே கிடைக்கும்படி எழுத்தில் ஏற்பாடு இருக்க வேண்டும். வெறும் தொலைபேசி எண் போதாது. முன்னமே முகம் தெரிந்தவரோடு என்றால் வீடியோவில் பேசுவது நன்றாகவே நடக்கும், முகம் தெரியாத எண்ணுக்கு வீரர்கள் அழைப்பது அபூர்வம்.

அந்த ஆளின் வாரத்தில் ஒரு முழு நாளையாவது, வார்டை விட்டுப் போனவர்களுக்காக ஒதுக்கிவிட வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் தையல் பிரிக்கும் தேதிக்குக் கீழேயே மூன்றாம் மாதம், நான்காம் மாதம், ஏழாம் மாதம் என்று அழைப்புத் தேதிகளும், அழைக்கப்போகிறவர் பெயரும் இருக்கட்டும். வீரரை அழைக்கச் சொல்லாமல் மருத்துவமனையே அழைக்க வேண்டும். படைப்பிரிவு எண் மட்டும் வாங்கிவைத்தால் மாற்றலோடு தொடர்பு அறுந்துவிடும். அவருடைய சொந்த எண், வீட்டில் ஒருவர் எண், நண்பர் ஒருவர் எண் என மூன்றையும் அவர் கட்டிலில் இருக்கும்போதே வாங்கி, அங்கேயே ஒருமுறை அடித்துச் சரிபார்த்துவிடுவது நல்லது.